சுகி என்று ஒரு காமிரா

பிஸியாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், மரியாதைக்கு ஒரு ப்ளீஸ்கூடப் போடாமல், டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி. முப்பது வருஷமாக இந்த வீட்டில் எனக்குக் கிடைத்துவருகிற பதில்தான், புதுசு ஒன்றும் இல்லை, ஆனால் மனுஷன் சொன்னால் கரண்டியைத் தட்டென்று மேடையில் வைக்கலாம், அன்றைக்கு ரசத்தில் ஒரு கை உப்பைக் கூட்டிப் போடலாம், மிஷினை என்ன செய்வது. மணி பதினொன்று எட்டு. பதினொன்றரைக்கு அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர் மாட்டேன் என்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாராம். என் முகமோ இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. இருபத்திரண்டு நிமிஷம். ஹாலில் இன்வெர்ட்டர் கீ, கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது, நேற்று மதியம் கரண்ட் போனதிலிருந்து லைட் போடாமல் ஃபேன் போடாமல் இந்த ஒரு கம்ப்யூட்டருக்காகவே அணைத்து அணைத்துச் சேர்த்து வைத்த சார்ஜ், அதுவும் இப்போது கத்துகிறது, பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவரிடம் தீபாவளியிலிருந்து சொல்கிறேன், ஊர் முழுக்கத் தண்ணீர், இந்த வீட்டு பாட்டரிக்கு மட்டும் தண்ணீர் இல்லை. மறுபடியும் அடி சுகந்தி. டெலிட். இடைவெளி. சாய்ந்த கோடு, டெவ், சாய்ந்த கோடு, வீடியோ, ஒன்பது. பிஸி. டிவைஸ் பிஸி. அடப் பாவி, நீ பிஸியா, அங்கே ஒரு மனுஷனுக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு, நீ பிஸி.

முந்தாநாள் சாயங்காலம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியிருக்கக் கூடாது. நாலு நாளாக ஒரே புடவை, குளிக்க வேண்டும், வேறு என்ன, குளிக்க வேண்டும் என்றுதான் வந்தேன், ஒரு மனுஷி குளிப்பதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா. ஆட்டோ பள்ளிக்கரணை முனை திரும்பும்போதே சக்கரம் பாதி முழுகிவிட்டது, வீட்டுப் படியேறும்போது கால் வழுக்கி செல்போன் தண்ணீருக்குள் போய்விட்டது, அது இப்போது அரிசி டின்னுக்குள் கிடக்கிறது, அரிசி ஈரத்தை இழுக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், இரண்டு நாளில் அரிசிதான் கெட்டுப்போயிருக்கும். நேற்றுக் காலை ரப்பர் படகு வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள், மேல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏறினார்கள், "அக்கா, வாங்க, தனியா என்ன செய்வீங்க" என்று கூப்பிட்டார்கள். "ஆஸ்பத்திரி பக்கம் போகுமா?" என்றேன். "மண்டபத்துல விடுவோம்மா, பாலம் மூழ்கிக் கிடக்கு" என்றான் படகுக்காரன். மண்டபத்தில் உட்கார்ந்து பொட்டலம் சாப்பிடவா நான் பிறந்தேன், இங்கேயாவது இன்டர்நெட் ஒயரோடு சேர்ந்து வந்த லேண்ட்லைன் உயிரோடு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அந்த நம்பர் தெரியும். பெண் சிந்துஜா புனேயிலிருந்து ப்ளேன் ஏறிவிட்டாள், அது பெங்களூரில் இறங்குமோ ஹைதராபாத்தில் இறங்குமோ, அவள் இறங்கி போனை ஆன் செய்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருக்கும். எல்லாம் முடிந்திருக்கும் என்றால் என்ன அர்த்தம். நாக்கு, நாக்கு. நினைப்புக்கும் நாக்கு உண்டு போலிருக்கிறது, எனக்கு அதுவும் நீளம்.

கைப்பை மேஜை மேல் இருக்கிறது. அதற்குள் ஜிப் வைத்த கவரில் அவர் மோதிரம், வாட்ச், இரண்டு காதுக்குமான மெஷின். ஐ.சி.யூவுக்குள் போகும்போது கழற்றி என் கையில் கொடுத்தார்கள், "பத்திரமா வச்சுக்கோங்கம்மா." பத்திரமாக வைத்துக்கொண்டேன், அவர் காதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டீசல் ஜெனரேட்டர் ரூமில் முப்பத்தாறு வருஷம் நின்ற காது அது, மெஷின் இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் போல என்பார். மெஷினும் போன வருஷம்தான் வந்தது, அதற்கு முன்னால் எட்டு வருஷம் எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது நீதான் முணுமுணுக்கிறாய் என்று சாதித்தார். நான் முணுமுணுக்கிறேனாம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர் அம்மா, "பொண்ணு லட்சணம்தான், வாய்தான் கொஞ்சம் பெரிசு" என்று என் காதுபடச் சொன்னவள். அந்த வாயால் ஐ.சி.யூ வாசலில் கடைசியாக நான் என்ன சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "சுகி, வீட்ல கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கு, ஆஃப் பண்ணிடாத" என்றார். "நெஞ்சு நிக்கப் போகுது, கம்ப்யூட்டர் ஓடணுமா? அதையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றேன். மெஷின் கழற்றியாகிவிட்டது அப்போது. அதற்கும் தலையாட்டினார். என்ன கேட்டது அவருக்கு, என்ன கேட்கவில்லை, அதைக்கூட நான் தெரிந்துகொள்ளவில்லை, கதவு மூடிக்கொண்டது, அதில் ஒரு வட்டக் கண்ணாடி, அதில் என் மூச்சு.

ஆறு நிமிஷத்துக்கு முன்னால் நர்ஸ் கூப்பிட்டாள். ஜெபசெல்வி, நாகர்கோவில் பக்கம், நல்ல பெண், ஆனால் அழுதுவிடுவாள் போல் பேசுகிறாள், நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அப்படிப் பேசக்கூடாது. "அம்மா, சார் ஒப்புக்கவே மாட்டேங்காங்க. நேத்து ராத்திரியிலேருந்து வலி கூடிட்டே வருது. டாக்டர் பதினொன்றரைக்குள்ள எடுத்தாத்தான்னு சொல்லுதாங்க, விட்டா தியேட்டரை வேற எமர்ஜென்சிக்குக் கொடுத்துருவாங்கம்மா." "பேப்பர்ல எழுதிக் காட்டினியா?" "காட்டினேம்மா. வீட்ல அம்மா சம்மதம் சொல்லிட்டாங்கன்னு பெரிசா எழுதிக் காட்டினேன். படிச்சிட்டு, இது அவ எழுத்து இல்லை, அவ வந்து சொல்லட்டும்ங்காங்க." அதானே. என் எழுத்து தெரியும், என் வாய் தெரியும். மெஷின் இல்லாத காலத்தில் என் உதட்டைப் பார்த்துத்தான் காலம் தள்ளினார் என்று எனக்கே போன வருஷம் ஈ.என்.டி டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. "டேப்லெட்ல லிங்க் அனுப்புதேம்மா, சார் மெயிலுக்குத்தான் போகும், நீங்க முகத்தைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்" என்றாள். மெயில் திறந்தேதான் இருந்தது. லிங்கைத் தட்டினேன். உள்ளே போவதற்கு முன்னால் உங்கள் முகம் இப்படித் தெரியும் என்று ஒரு கட்டம் காட்டுமே, அதில் என் முகம் இல்லை. அவர் இருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, பின்னால் இதே காலண்டர், இதே ஜன்னல். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். போய்விட்டாரா, போய்விட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று, கான்வென்டில் படித்த கழுதை நான், பேய் பிசாசு நம்பாதவள், அந்த ஒரு நொடி நம்பினேன். மூன்று தரம் தலையாட்டல். இடது காதைச் சொறிதல். பாதிச் சிரிப்பு. மறுபடியும் மூன்று தரம் தலையாட்டல், இடது காது, பாதிச் சிரிப்பு. படம். சுற்றிச் சுற்றி ஓடுகிற படம்.

காமிரா என்று எழுதியிருந்த இடத்தைத் தட்டினால் நான்கு பெயர் விழுந்தது. அசோசியேஷன். மச்சான். சுகி. நாலாவதாக இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக ஒரு வாயில் நுழையாத பெயர். அசோசியேஷனைத் தட்டினால் அவரே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தீவிரமாக யோசிக்கிறார், ஃப்ளாட் மீட்டிங்கில் லிஃப்ட் விஷயம் பேசும்போது கோதண்டம் சார் மாதிரி பொறுமையாகக் கேட்பவர் யாரும் இல்லை என்று செக்ரட்டரி இவரைப் புகழ்வாரே, அந்த யோசனை. மச்சானைத் தட்டினால் பல் தெரியச் சிரிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் துபாயிலிருந்து சொல்லும் ஜோக்குகளுக்கு ஒதுக்கி வைத்த சிரிப்பு. இல்லாத காமிராக்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு காமிராவை உண்டாக்கி, அதற்குள் தன் படத்தை ஓட விட்டு, தான் எழுந்து போய்விடுகிற வித்தை, ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இந்தப் புத்திதான் வரும். நாலாவதைத் தட்டினேன், அதுதான் நிஜக் காமிராவாக இருக்க வேண்டும், மானிட்டர் தலையில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதன் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கண். தட்டினால் கறுப்பு. முழுக் கறுப்பு. எழுந்து ஜன்னல் திரையை விலக்கினேன், மழை இருட்டு, கறுப்பு. ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், கறுப்பு. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, புரிந்தது என்று நினைத்தேன், இந்த மூன்றும் சேர்ந்து அதன் கண்ணை அடைத்துக்கொண்டிருக்கின்றன, இவருடைய இந்த மூன்று இல்லாத காமிராவையும் துரத்தினால்தான் இருக்கிற காமிரா கண்ணைத் திறக்கும்.

துரத்துவதற்கு மௌஸ் உதவாது, எழுத்தால்தான் துரத்த வேண்டும், கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடிக்க வேண்டும், அது மட்டும் எனக்குத் தெரியும், இவர் மௌஸைத் தொடுவது பாவம் என்று நினைக்கிற ஜாதி. கட்டளைகளை எங்கே எழுதி வைத்திருப்பார் என்பதும் தெரியும். தினக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட மாட்டார், முன்பக்கம் தேதி, ராகு காலம், பின்பக்கம் இவர் கிறுக்கல், எல்லாவற்றையும் ஒரு இரும்புக் கிளிப்பில் கவ்வ விட்டு ஆணியில் மாட்டியிருப்பார், நான் அதற்குக் குப்பை மாலை என்று பெயர் வைத்திருக்கிறேன், இரண்டு தரம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டும் இருக்கிறேன், கீழே இறங்கிப் போய்த் திருப்பி வாங்கி வந்தார். மேலே இருந்த தாளிலேயே இருந்தது. லிஸ்ட் போட்டால் இருப்பதெல்லாம் காட்டும். ஆட் போட்டால் புதிது பிறக்கும். டெலிட் போட்டால் போகும். முன்னால் சூடோ என்று போட வேண்டும். சூடோ என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டதற்கு, "முதலாளி சொல்றேன், செய்னு அர்த்தம்" என்றார், இந்த வீட்டில் அவருக்கு முதலாளியாக இருக்கக் கிடைத்த ஒரே இடம். போட்டேன். பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தால் எழுத்தும் வரவில்லை, புள்ளியும் வரவில்லை, கீபோர்டு செத்துவிட்டதோ என்று ஓங்கித் தட்டினேன், தாளில் ஓரத்தில் எழுதியிருந்தது: பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, பயப்படாதே. யாருக்கு எழுதினார் அதை, தனக்கேவா. என் பெயரை அடித்தேன். தப்பு. முப்பது வருஷம். சரி, சிந்துஜா. தப்பு. தாளைத் திருப்பினேன், 'பாஸ்: முதல் வண்டி.' முதல் வண்டி. ஸ்கூட்டர். அதன் பின்னால் பதினோரு வருஷம் ஒரு பக்கமாகக் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்த இடுப்புக்கு அந்த நம்பர் மறக்குமா. திறந்துகொண்டது. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, ஸ்கூட்டர். டெலிட் அடித்தேன், அப்போதுதான் சொன்னது, பிஸி என்று, முதல் தரம்.

இப்போது மூன்றாவது தரம். பதினொன்று பத்து. கட்டத்துக்குள் இன்னமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். சுகி என்று பெயர் வைத்த காமிராவில். அதை இவ்வளவு நேரம் தள்ளித் தள்ளி வைத்தேன், அது வந்து நிற்கிறது. அசோசியேஷனுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, அப்போது சுகிக்கு எதற்கு ஒன்று. நீலக் கட்டச் சட்டை. சிந்துஜா பிரசவத்துக்குப் புனே போய் மூன்று மாசம் இருந்தேனே, மூன்று வருஷம் ஆகிறது, தினமும் சாயங்காலம் ஏழரைக்குக் கூப்பிடுவேனே, "என்ன, எப்பப் பாத்தாலும் அதே சட்டை, துவைக்கிறீங்களா இல்லையா" என்று கேட்டேனே, அதற்கும் மூன்று தரம் தலையாட்டல், இடது காது, பாதிச் சிரிப்பு. சம்பந்தியம்மா என்னைச் சமையலறையில் விடாததைச் சொன்னேன். குழந்தைக்குக் காமாலை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்ததைச் சொன்னேன். ஒரு நாள் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன், யாருக்கும் தெரியாது, அதை இவரிடம் சொன்னேன், இவரிடம் என்று நினைத்துக்கொண்டு ஒரு படத்திடம் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் உங்கப்பா என்னை இப்படி உட்கார்ந்து கேட்டது இப்போதுதான் என்று பெண்ணிடம் பெருமை வேறு பீற்றிக்கொண்டேன். ஏதாவது கேள்வி கேட்டால் ஏடாகூடமாகப் பதில் வரும், குரல் மட்டும் வரும், "ம், சரி, சாப்பிட்டேன்" என்று, நெட் ஸ்லோ என்று நினைத்தேன். நெட் ஸ்லோ இல்லை. புருஷன் இல்லை. என் முன்னால் படத்தை ஓட விட்டுவிட்டு எங்கே போய் உட்கார்ந்திருந்தீர்கள், டீவி முன்னாலா, பால்கனியிலா, சொல்லுங்கள், இருந்து சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டு, நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பதில் சொல்லுங்கள், அதற்குள் செத்துப்போனால் நான் யாரிடம் சண்டை போடுவேன்.

கீ, கீ, கீ. இப்போது மூன்று மூன்றாகக் கத்துகிறது. பிஸி என்றால் என்ன செய்வது என்று எழுதாமலா இருப்பார். கிளிப்பை அழுத்தி எல்லாத் தாளையும் மேஜை மேல் கொட்டினேன். வெளிச்சம் போதவில்லை, கண்ணாடி எங்கே, தலையில்தான் இருக்கிறது. கட்டளை, கட்டளை, பால் கணக்கு இல்லை அது வேறு ஏதோ நம்பர், கட்டளை. அப்புறம் கட்டளை இல்லாத ஒரு தாள். முன்பக்கம் தேதி பார்த்தேன், குழந்தை பிறந்த அந்த வாரம். பின்பக்கம் அவருடைய குச்சிக் குச்சி எழுத்து. 'சுகி: பாப்பாவுக்கு ___ மஞ்சள். கண்ணாடி (பெட்டி?) ___ மூன்று நாள். பயப்படுகிறாள்.' இன்னொன்று. 'சுகி: சமையல் ___ விடவில்லை. கோபம். யார்மேல் ___. நாளை கேட்க வேண்டும்.' இன்னொன்று, இன்னொன்று, ஒவ்வொரு நாளும், வார்த்தைக்கு நடுவில் கோடு கோடாக ஓட்டை, காதில் விழாத இடமெல்லாம், இல்லை, காதில் எதுவுமே விழவில்லை, கண்ணில் அகப்படாத இடமெல்லாம் கோடு. 'சுகி: அழுதாள். நின்றுவிட்டு மறுபடி ___. பாத்ரூம் என்றாள். வேறு எதுவும் பிடிபடவில்லை. படம் கலங்குகிறது. இன்னும் கிட்டே போக வேண்டும்.' அதன் கீழே, கொஞ்சம் தள்ளி: 'மூக்கு ஸ்க்ரீனில் படும் அளவு போனால்தான் உதடு தெரிகிறது. அப்படி அவள் என்னைப் பார்த்தால் காது விஷயம் தெரிந்துவிடும். குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவாள். படம் ஓடட்டும்.'

படம் ஓடட்டும். புனேயிலிருந்து நான் திரும்பி வந்த அன்றைக்கு மானிட்டர் நடுவில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு வட்டம் இருந்தது. துடைத்தேன். "மூக்கால டைப் பண்றீங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினார். எங்கேயும் போகவில்லை. இங்கேதான், இந்த நாற்காலியின் நுனியில், கழுத்தை நீட்டிக்கொண்டு, என் பெரிய வாயைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் எழுதிக்கொண்டு. மடையர். மகா மடையர். காது கேட்கவில்லை சுகி என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தின்றுவிடுவேனா, தின்றிருப்பேன்தான், நிச்சயமாகத் தின்றிருப்பேன், காது இருக்கும்போதே கேட்காதவர் என்று தொடங்கியிருப்பேன். அழக்கூடாது. அழுதால் உதடு கோணும், கோணினால் அவருக்குப் படிக்க வராது. அந்தத் தாளின் அடியில், வேறு மையில் இருந்தது நான் தேடியது: 'பிஸி என்றால் படம் ஓடுகிறது என்று அர்த்தம். முதலில் ஓடுவதை நிறுத்து.' நிறுத்தும் கட்டளை, கில் என்ற வார்த்தையோடு. கொல்லு. இந்த நேரத்தில் இந்த வார்த்தையைத்தான் அடிக்க வேண்டுமா. அடித்தேன். கட்டத்துக்குள் அவர் பாதிச் சிரிப்பில், கை காதுக்குப் போகும் வழியில், அப்படியே நின்றார். நிற்காதீர்கள் என்று கத்திவிட்டேன், காலி வீட்டில். பிறகு டெலிட், ஏழு, எட்டு, ஒன்பது. இந்தத் தடவை ஒரு வார்த்தை பேசவில்லை. லிஸ்ட் போட்டால் ஒன்றும் இல்லை.

பதினொன்று பத்தொன்பது. லேண்ட்லைன் அடித்தது. "அம்மா, என்னம்மா, உள்ளயே வரலியே, டாக்டர் ஃபைலை எடுத்துட்டாங்கம்மா." "வர்றேன், இதோ, இரு, வைக்காத." ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தை மறுபடி திறந்தேன். காமிரா, ஒரே ஒரு பெயர்தான் இப்போது, அந்த வாயில் நுழையாத நம்பர். கறுப்பு. மூன்றையும் துரத்தியாயிற்று, கறுப்பு. அப்படியே உள்ளே நுழைந்தேன். எதிர்ப்பக்கம் அவர் வந்துவிட்டார், நிஜமாகவே அவர், பச்சை கவுன், மூக்கில் பிளாஸ்டிக் குழாய், முகம் இரண்டு நாளில் பாதியாகிவிட்டது. "சார், பாருங்க, அம்மா" என்கிறாள் நர்ஸ், பார்க்கிறார், கண்ணைச் சுருக்குகிறார், டேப்லெட்டைச் சாய்த்துப் பார்க்கிறார். "அம்மா, ஒண்ணும் தெரியலியேம்மா, கறுப்பா இருக்கு." "கறுப்பு சுகியா?" என்கிறார் அவர், இந்த நிலைமையில் கிண்டல், சிரிக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை, வலியில் கண்ணை மூடிக்கொள்கிறார். மூடாதீர்கள். கண்ணை மூடினால் நான் எதற்குள் பேசுவது. கத்தினேன், "ஏங்க, நான்தான், கையெழுத்துப் போடுங்க" என்று, என் சத்தம் அங்கே போகிறது, நர்ஸுக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்க வேண்டுமோ அவர் காது என் கைப்பையில் இருக்கிறது. இந்தக் காமிராவை உடைத்துப் போட்டால் என்ன. இரண்டு கையாலும் அதன் தலையைப் பிடித்தேன், பிடுங்கி எறியத்தான் பிடித்தேன், கட்டைவிரல் அதன் கண்ணில் பட்டது. கண்ணாடி வழவழவென்று அல்லவா இருக்க வேண்டும். வெல்வெட். நகத்தால் நெண்டினேன். உரிந்து வந்தது.

பொட்டு. என் ஸ்டிக்கர் பொட்டு. கருஞ்சிவப்பு, நடுவிரல் நகம் அளவு, பாத்ரூம் கண்ணாடியிலும் பீரோவிலும் டைல்ஸிலும் நான் ஒட்டி ஒட்டி வைப்பது, "வீட்டுக்கே நெத்தியா?" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் உரித்து உரித்துப் போடுவது. போடவில்லை, ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார், மூக்கை நீட்டிக்கொண்டு உட்காரும் ஆள் தப்பித் தவறிக்கூட எனக்குத் தெரிந்துவிடாமல் இருக்க நிஜக் காமிராவின் கண்ணில் ஒட்டியிருக்கிறார். இருபது நிமிஷம் நான் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வருகிறதா, வாந்தி வருகிறதா என்று தெரியவில்லை. "தெரியுதும்மா! இப்பத் தெரியுது!" என்கிறாள் நர்ஸ். கட்டத்துக்குள் ஒரு கிழவி மாதிரி நான், ஈரத் தலை, வெறும் நெற்றி. வெறும் நெற்றியோடு அவர் முன்னால் வந்து நிற்க மாட்டேன், இன்றைக்கு நிற்க மாட்டேன், விரலில் இருந்ததை எடுத்து அப்பினேன். அவர் டேப்லெட்டை இழுத்துக்கொண்டார், கிட்டே, இன்னும் கிட்டே, ஸ்க்ரீன் முழுக்க ஒரு மூக்கும் ஒரு கண்ணும், குழாய் ஒரு பக்கம் நசுங்கிக்கொண்டு. இந்த முகம். மூன்று மாசம் எனக்குக் காட்டாமல் மறைத்த முகம் இது.

கான்வென்டில் நாடகம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பெர்னதெத் எங்களை ஹாலின் கடைசி மூலையில் நிறுத்தி, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசச் சொல்லுவாள், மேடையிலிருந்து அவளுக்குப் புரிய வேண்டும், புரியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எனக்குப் பொறுமையே கிடையாது, ஆனால் பரிசு எனக்குத்தான், வாய் பெரிசு. திறந்தேன். "ஏங்க. போங்க. ஆபரேஷன். பண்ணிக்கோங்க. நான். வருவேன்." ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் உதட்டைக் குவித்து, விரித்து. அந்த ஒற்றைக் கண் என் வாயை விட்டு அசையவில்லை. பிறகு தலையாட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று. "தலையாட்டாதீங்க" என்றேன், "தலையாட்டறதை நான் நம்ப மாட்டேன். நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க." நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள், "நீ சும்மா இரும்மா." அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "போகச் சொன்ன" என்றார். மூச்சு வாங்கினார். "வருவேன்னு சொன்ன." பேனாவுக்காகக் கையை நீட்டினார், ஃபைல் வந்தது, மறுபடி கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. "பொட்டு கோணலா இருக்கு, சுகி." கீ என்ற சத்தம் நின்றது. எல்லாம் நின்றது.

கறுத்த மானிட்டரில் ஒரு பொம்பளை, வாய் திறந்தபடி. கழுத்தில் இடுக்கிய ரிசீவருக்குள் ஒன்றும் இல்லை, அதுவும் போய்விட்டது. பேனாவைப் பிடித்ததைப் பார்த்தேன், போட்டதைப் பார்க்கவில்லை. போட்டிருப்பார். இப்போது தள்ளிக்கொண்டு போவார்கள், வட்டக் கண்ணாடி வைத்த கதவு, அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியப்போவதில்லை, நாலு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ, கண் விழித்தால் காது வேண்டும் என்று கையால் தடவுவார். வருவேன் என்று வாயை அவ்வளவு அகலமாகத் திறந்து சொல்லியாயிற்று. கைப்பையை இரண்டு பாலித்தீன் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். புடவையைத் தூக்கிச் சொருகினேன். கதவைத் திறந்தால் படிக்கட்டு இருட்டாக இருந்தது, கீழே தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. எத்தனையாவது படிவரை வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன், ஒன்று, இரண்டு, மூன்று, வாயை நன்றாகத் திறந்து, "படகு, படகு" என்று கத்திக்கொண்டு.